எகிப்துச் சாப்பாடு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கெய்ரோவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவன் என்பதால், எகிப்துக்குக் கிளம்பும் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் எனக்குத்தான் செய்தி அனுப்புகிறார்கள். பிரமிடு பற்றி ஒருவரும் கேட்பதில்லை, சாப்பாடுதான். ஒரே பதிலைத் தட்டித் தட்டிக் கை வலித்துப்போனதால், கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டு இங்கே எழுதி வைத்துவிட்டேன். இனி யார் கேட்டாலும் இதைத்தான் அனுப்பப் போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எகிப்துன்னா கபாப், ஷவர்மாதானே? அதுக்கு மேல என்ன இருக்கு?

கபாப், ஷவர்மா எல்லாம் கிடைக்கும். ஆனால் ஷவர்மா சிரியா, லெபனான் பக்கமிருந்து வந்தது. கபாபும் கோஃப்தாவும் எகிப்தியர்களே ஏதாவது விசேஷம் என்றால்தான் வாங்குவார்கள், கறி விற்கிற விலை அப்படி. ஊரே தினமும் சாப்பிடுவது வேகவைத்த பயறு, ரொட்டி, வெங்காயம், ஊறுகாய். ஏழை, பணக்காரர் வித்தியாசமே கிடையாது. பெரிய கார் வைத்திருப்பவரும் வெள்ளிக்கிழமை காலையில் தள்ளுவண்டிப் பக்கம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்றுகொண்டே சாப்பிடுவார்.

நட்சத்திர ஹோட்டல் பஃபேயில் நான்கு நாள் சாப்பிட்டுவிட்டு "எகிப்துச் சாப்பாடு சுமார்தான்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கும். காலை ஏழு மணிக்குத் தெருவில் இறங்கி நடந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஃபூல், ஃபூல்னு சொல்றீங்களே, அது நம்ம மொச்சைதானே?

பார்த்தால் மொச்சை மாதிரிதான் இருக்கும், ஆனால் வேறு செடி. ஃபாவா பீன்ஸ் என்பார்களே, அது. எகிப்தில் அதற்குப் பேர் ஃபூல், இரவெல்லாம் வேகவைத்த ஃபூலுக்கு 'ஃபூல் மெதம்மெஸ்'. மெதம்மெஸ் என்றால் புதைத்தது என்று பொருள், பழைய எகிப்து மொழியின் வழிவந்த காப்டிக்கிலிருந்து வந்த சொல் என்பார்கள். பழைய கெய்ரோவில் பொதுக் குளியல் இல்லங்களில் தண்ணீர் சூடாக்க எரித்த அடுப்பின் சாம்பலில் பானையைப் புதைத்துவிட்டுப் போய், விடிகாலையில் வந்து எடுப்பார்களாம். இன்றைக்குச் சாம்பல் போய் கேஸ் அடுப்பு வந்துவிட்டது, ஆனால் 'இத்ரா' என்கிற அந்தக் குண்டு வயிற்று, குறுகிய கழுத்துப் பானை மாறவில்லை. கழுத்து குறுகலாக இருந்தால்தான் ஆவி வெளியே போகாமல் பயறு மசிய வேகும்.

தள்ளுவண்டிக்காரர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பானையைச் சாய்த்து வைத்திருப்பார். நீளக் காம்புக் கரண்டியை உள்ளே விட்டு ஒரு சுழற்று சுழற்றி, கொழகொழவென்ற பயறை அலுமினியத் தட்டில் ஊற்றுவார். உப்பு, ஒரு சிட்டிகை சீரகப்பொடி, பாதி எலுமிச்சை, அப்புறம் கரண்டியின் பின்புறத்தால் நாலு நசுக்கு. எண்ணெய் ஊற்றுவதற்கு முன் "ஸெய்த் ஹார்ரா, ஸெய்த் ஹெல்வா?" என்று கேட்பார். முதலாவது ஆளிவிதை எண்ணெய், லேசான கசப்போடு மூக்கில் ஏறும். இரண்டாவது சாதா எண்ணெய். தைரியமாக முதலாவதைச் சொல்லுங்கள். எள் விழுது சேர்த்தும் வாங்கலாம், தக்காளி, வெங்காயம், மிளகாய் எல்லாம் போட்டால் அது அலெக்சாந்திரியா பாணி. ரொட்டியைக் கிழித்துத் தொட்டு, பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தால், மதியம் மூன்று மணி வரை பசி என்ற பேச்சே இருக்காது.

அந்த ரொட்டிக்கு 'ஐஷ்'னு பேராமே. வளைகுடாவுல ஐஷ்னா சோறு இல்லையா?

சரியாகச் சொன்னீர்கள். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு ரொட்டி என்றால் குப்பூஸ், ஐஷ் என்றால் சோறு. எகிப்தில் ரொட்டிக்குத்தான் ஐஷ் என்று பேர். அரபியில் அந்தச் சொல்லுக்கு வாழ்வு என்று அர்த்தம். எது இல்லாமல் உயிர் வாழ முடியாதோ அதற்கு அந்தப் பேரை வைத்துவிட்டார்கள் போல. தவிட்டோடு கூடிய கோதுமை மாவில், கடும் சூட்டு அடுப்பில் பந்தாக உப்பி வருகிற வட்ட ரொட்டி 'ஐஷ் பலதி', அதாவது நாட்டு ரொட்டி. அடியில் ஒட்டியிருக்கும் தவிட்டைத் தட்டிவிட்டுச் சாப்பிட வேண்டும். தலையில் கட்டில் அகலப் பலகை, அதன்மேல் நூறு நூற்றைம்பது ரொட்டி, ஒரு கையால் பலகையையும் மறு கையால் சைக்கிளையும் பிடித்துக்கொண்டு கெய்ரோ டிராஃபிக்கில் பையன் ஒருவன் போவதை முதல் தடவை பார்த்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவன் போய்விட்டான், ஒரு ரொட்டிகூட விழவில்லை.

இந்த ரொட்டியில் அரசியலும் உண்டு. 1977 ஜனவரியில் அன்றைய அதிபர் அன்வர் சாதாத்தின் அரசு உணவு மானியங்களைக் குறைத்ததும் நாடு முழுக்கக் கலவரம் வெடித்து, இரண்டே நாளில் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2011 புரட்சியின் முழக்கமே "ஐஷ், ஹொர்ரெய்யா, அதாலா எக்தெமாயெய்யா", அதாவது ரொட்டி, விடுதலை, சமூக நீதி. அதில் முதலில் வருவது ரொட்டிதான் பாருங்கள். ரேஷன் அட்டைக்கு ஆளுக்கு நாளைக்கு ஐந்து ரொட்டி. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு ரொட்டி 5 பியாஸ்டராகவே இருந்து, 2024 ஜூனில்தான் 20 பியாஸ்டர் ஆக்கினார்கள். 100 பியாஸ்டர் சேர்ந்தால் ஒரு எகிப்தியப் பவுண்டு. அட்டை இல்லாத நமக்கு இந்த விலை கிடையாது, வெளிக்கடை விலைதான்.

தாமெய்யாவும் ஃபலாஃபலும் ஒண்ணுதானே, ஏன் ரெண்டு பேரு?

ஒன்று என்று கெய்ரோவில் சொல்லிவிடாதீர்கள், அரை மணி நேரம் பேசுவார்கள். லெபனான், பாலஸ்தீனம் பக்கம் ஃபலாஃபல் கொண்டைக்கடலையில் செய்வது. எகிப்தின் தாமெய்யா தோல் நீக்கி உடைத்த ஃபூலில் செய்வது. ஊறவைத்து, வேகவைக்காமலே அரைத்து, கொத்தமல்லி, பார்ஸ்லி, சதகுப்பைக் கீரை, லீக்ஸ் எல்லாம் கட்டுக்கட்டாகச் சேர்ப்பதால் பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சைப் பசேல் என்று இருக்கும். மேலே எள்ளோ உடைத்த தனியாவோ ஒட்டித் தட்டையாகப் பொரிப்பார்கள். கொண்டைக்கடலையைவிட இது மிருது, ஈரப்பதம் அதிகம். குழப்பத்துக்கென்றே அலெக்சாந்திரியாக்காரர்கள் இதையே ஃபலாஃபல் என்றுதான் சொல்வார்கள், பயறு அதே ஃபூல்தான்.

ஒரே ஒரு விதி: எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராக ரொட்டிக்குள் போனால்தான் தாமெய்யா. தட்டில் குவித்து வைத்திருப்பதை வாங்காதீர்கள்.

கொஷரி நம்ம கிச்சடியாமே, உண்மையா?

பேரும் அரிசி-பருப்புச் சேர்க்கையும் இந்தியாவின் கிச்சடியிலிருந்து போனவை என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் போன இடத்தில் அது வேறு பிறவி எடுத்துவிட்டது. சாதமும் தோலோடு உள்ள மைசூர் பருப்பும் அடியில், அதன்மேல் மக்ரோனியும் உடைத்த ஸ்பகெட்டியும், தக்காளிச் சாறு, ஒரு கை கொண்டைக்கடலை, உச்சியில் கருஞ்சிவப்பாகப் பொரித்த வெங்காயம். பாஸ்தா இத்தாலியர்கள் தயவு, தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, ஆனால் இவை எல்லாம் சேர்ந்த கிண்ணம் முழுக்க முழுக்க எகிப்துடையது. சாதமும் பாஸ்தாவும் சேர்த்தா என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

2025 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் கொஷரியைச் சேர்த்தது. கூட்டம் நடந்த இடம் டெல்லி! அதே கூட்டத்தில்தான் தீபாவளியும் பட்டியலில் ஏறியது. கிச்சடி ஊர் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து பரிசு வாங்கிக்கொண்டு போன கதை.

கொஷரிக் கடையில எப்படிக் கேட்டு வாங்கணும்? மேஜைல ரெண்டு பாட்டில் இருக்கே, அது என்ன?

கொஷரிக் கடையில் பெரும்பாலும் கொஷரி மட்டும்தான், அதனால் மெனு படிக்கிற வேலை இல்லை. சின்னது, நடுத்தரம், பெரியது என்று அளவைச் சொன்னால் போதும். முதல் தடவை சின்னதே தாங்காது. பரிமாறுகிறவர் ஒவ்வொரு அள்ளலுக்கும் கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டுவார், அந்த டங் டங் சத்தத்தை வைத்தே கடையைக் கண்டுபிடித்துவிடலாம். கெய்ரோ நடுநகரில் ஷம்போலியோன் தெருவில் உள்ள அபூ தாரிக் கடை பெரும் புகழ் பெற்றது. தள்ளுவண்டியில் ஆரம்பித்தது, இன்றைக்குப் பல மாடி, எல்லா மாடியிலும் கொஷரி.

மேஜைமேல் இருக்கிற பாட்டில்களில் வெளிர் நிறத்தில் இருப்பது 'தஆ': பூண்டு, வினிகர், சீரகம், எலுமிச்சை கலந்த தண்ணீர். அதைத் தாராளமாக ஊற்றலாம், ஊற்ற வேண்டும். சிவப்பாக இருப்பது 'ஷத்தா', மிளகாய். அதை மட்டும் முதலில் சொட்டுச் சொட்டாக.

'ஷாய் கொஷரி'ன்னு ஒண்ணு கொடுத்தாங்க, டீ மாதிரி இருந்துச்சு. ஏமாத்திட்டாங்களா?

இல்லை, அது டீயேதான். டம்ளரில் டீத்தூளைப் போட்டு மேலே வெந்நீரை ஊற்றி அப்படியே கொடுப்பதற்கு அந்தப் பேர். தூள் அடியில் தங்கும் வரை பொறுத்துக் குடிக்க வேண்டும். கொதிக்க விட்டுக் கறுப்பாக, சர்க்கரையை அள்ளிப் போட்டுத் தருவது தெற்கு எகிப்தின் ஸயீதி டீ.

நான் சுத்த சைவம். அங்க போய் பட்டினி கிடக்கணுமா?

எனக்குத் தெரிந்து அந்தப் பக்கத்தில் சைவர்களுக்கு இவ்வளவு சுலபமான நாடு இல்லை. ஃபூல், தாமெய்யா, கொஷரி மூன்றிலுமே கறி கிடையாது. ஃபூல் கடையிலேயே கத்திரிக்காய் பொரித்துப் பூண்டு-வினிகர் தடவிய சாண்ட்விச், உருளைக்கிழங்கு சாண்ட்விச் கிடைக்கும். 'பெஸ்ஸாரா' என்று ஃபூலைக் கீரைகளோடு கடைந்த கூட்டு ஒன்று உண்டு, மேலே பொரித்த வெங்காயம் தூவி ஆறவைத்துத் தருவார்கள், அதைத் தேடிச் சாப்பிடுங்கள்.

கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே சொல் 'சியாமி'. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் வருடத்தில் 200 நாளுக்கு மேல் விரதம் இருப்பவர்கள். அந்த நாட்களில் கறி, முட்டை, பால், நெய் எதுவும் சேர்க்க மாட்டார்கள். அந்த விரதச் சாப்பாட்டுக்குத்தான் சியாமி என்று பேர், கடைக்காரர் எந்த மதமானாலும் அவருக்கு இது புரியும். 'வெஜிடேரியன்' என்றால் தலையை ஆட்டிவிட்டுக் கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள், ஏனென்றால் 'லஹ்மா', அதாவது கறி என்பது ஆடு, மாடு மட்டும்தான், கோழி அவர்கள் கணக்கில் கறியே இல்லை. சில விரதங்களில் மீன் உண்டு, அதனால் "மீன் வேண்டாம்" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

மாட்டிக்கொள்கிற இடம் வீட்டுச் சாப்பாடு. திராட்சை இலை, முட்டைக்கோஸ், கத்திரிக்காய் இவற்றுக்குள் அரிசி அடைத்துச் செய்கிற 'மஹ்ஷி' பார்க்கச் சைவம்தான், ஆனால் பல வீடுகளில் அதைக் கறிச் சாற்றில்தான் வேகவைப்பார்கள். அடுத்து வருகிற கீரையும் அதே கதை.

மொலோகெய்யா கொழகொழன்னு இருக்குமாமே, அதை எப்படிச் சாப்பிடுறது?

வெண்டைக்காய் சாப்பிடுகிறவர்கள் இதைக் கேட்கவே கூடாது. மொலோகெய்யா என்பது சணல் செடியின் இலை, ஆமாம், சாக்குத் தைக்கிற அதே சணலின் குடும்பம். இரண்டு கைப்பிடி கொண்ட வளைந்த கத்தியை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி இலையைக் கூழாகக் கொத்துவார்கள். கொதிக்கிற முயல் சாற்றிலோ கோழிச் சாற்றிலோ அதைப் போட்டு, பொங்கி வருவதற்குள் இறக்கிவிட வேண்டும்; கொதித்தால் கீரை அடியில் போய், தண்ணீர் தனியாக மேலே நின்றுவிடும். கடைசியில் நெய்யில் பூண்டும் தனியாப் பொடியும் சிவக்க வறுத்து, அந்தச் சூட்டோடு ஸ்ஸ்ஸ் என்று கொட்டுவார்கள். கொட்டுகிற அந்த நொடியில் சமைக்கிறவர் "ஹா!" என்று மூச்சை உள்ளிழுக்க வேண்டும். அதற்கு 'ஷஹ்கா' என்று பேர். அது இல்லாவிட்டால் ருசி வராதாம். எனக்கு முதன்முதலில் செய்து கொடுத்த பக்கத்து வீட்டு அம்மா இதைக் கொஞ்சமும் சிரிக்காமல் செய்தார், நான்தான் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சோற்றில் ஊற்றியும் சாப்பிடலாம், ரொட்டியில் தொட்டும் சாப்பிடலாம். அந்தக் காலத்தில் எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய வம்சத்து கலீஃபா அல்-ஹாக்கிம் (996 முதல் 1021 வரை ஆண்டவர்) இந்தக் கீரையைத் தடை செய்தார் என்பது வரலாறு. அவரைப் புனிதராக மதிக்கும், லெபனான், சிரியா பக்கத்துச் சிறுபான்மைச் சமயத்தாரான துரூஸ் மக்களில் பலர் இன்றும் இதைத் தொடுவதில்லை.

காரமே இருக்காதாமே, ஊறுகாய் பாட்டில் எடுத்துட்டுப் போகட்டுமா?

காரம் குறைவு என்பது உண்மை. அங்கே ஆட்சி செய்வது சீரகம், தனியா, பூண்டு, வினிகர், எலுமிச்சை. ஆனால் ஊறுகாய் எடுத்துப் போவது, கடலுக்கு உப்பு எடுத்துப் போகிற வேலை. 'தொர்ஷி' இல்லாமல் எகிப்தில் எந்தத் தட்டும் வராது: டர்னிப், கேரட், எலுமிச்சை, மிளகாய், கத்திரிக்காய் எல்லாம் உப்பு நீரில் ஊறி வரும். கூட ஷத்தா இருக்கிறது. அப்புறம் 'துஆ' என்று எள், தனியா, சீரகம், கடலை வறுத்துப் பொடித்த ஒரு பொடி உண்டு, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட. கொஷரிக் கடைத் தண்ணீரின் பேரும் இதன் பேரும் ஒரே வேரிலிருந்து வந்தவை, இடித்தது என்று அர்த்தம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தெருவுல ஈரல் சாண்ட்விச் விக்கிறாங்களே, நம்பிச் சாப்பிடலாமா?

அதுதான் 'கெப்தா இஸ்கந்தரானி', அலெக்சாந்திரியா ஈரல். மாட்டீரலை விரல் நீளத்துக்கு மெல்லிசாக நறுக்கி, அகலமான இரும்புத் தட்டில் பூண்டு, பச்சை மிளகாய், சீரகத்தோடு அதிவேகமாகப் புரட்டி, 'ஃபீனோ' என்கிற நீள பன்னில் திணித்துக் கொடுப்பார்கள். நம் நாக்குக்குச் சட்டென்று பிடித்துப்போகிற பண்டம் இதுதான். கூட்டம் அலைமோதுகிற வண்டியாக, கண்முன்னே வதக்குகிற இடமாகப் பார்த்து வாங்குங்கள். நான்கைந்து தின்றால்தான் வயிறு நிறையும்.

கொத்துக்கறிப் பிரியர்களுக்கு 'ஹவாவ்ஷி': மசாலாக் கொத்துக்கறியை ஐஷ் பலதிக்குள் பரப்பி, ரொட்டியோடு சேர்த்துச் சுடுவது. வெளியே மொறுமொறு, உள்ளே கறியின் நெய் ஊறியிருக்கும். கையில் காகிதம் இல்லாமல் கடிக்காதீர்கள், சட்டை போச்சு.

புறாவையுமா தின்கிறாங்க?

ஆமாம், அது விருந்துச் சாப்பாடு. 'ஹமாம் மஹ்ஷி', அதாவது பச்சைக் கோதுமையோ அரிசியோ அடைத்து வேகவைத்துப் பிறகு பொன்னிறமாக வறுத்த புறா. புதுமாப்பிள்ளைக்கு ஆக்கிப் போடுவார்கள். நைல் டெல்டா கிராமங்களில் மண்ணால் கட்டிய கூம்புக் கோபுரங்களைப் பார்ப்பீர்கள், எல்லாம் புறாக் கூடுகள்.

இந்தப் புறாவால் ஒரு சரித்திரமே நடந்திருக்கிறது. 1906 ஜூனில் தென்ஷவாய் என்ற கிராமத்துக்கு வேட்டைக்கு வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் ஊரார் வளர்த்த புறாக்களைச் சுட, கைகலப்பாகி, ஓடிய அதிகாரி ஒருவர் வெயிலில் விழுந்து இறந்துபோனார். அதற்காகக் கிராமத்தார் நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான கோபம் எகிப்தில் மூண்டதற்கு அது ஒரு பெரிய காரணம். ருசி எப்படி என்றால், எலும்பு அதிகம், கறி கொஞ்சம், உள்ளே இருக்கிற அரிசிதான் அபாரம்.

ஃபெசீக் சாப்பிட்டா செத்துப் போயிடுவாங்கன்னு சொல்றாங்க, நிஜமா?

சும்மா பயமுறுத்துவதில்லை. மடவை மீனை உப்பில் போட்டு நாள்கணக்கில் நொதிக்க விட்டு, வேகவைக்காமல் அப்படியே சாப்பிடுவது ஃபெசீக். கருவாடு மாதிரி காய்ந்தது அல்ல, உள்ளே ஈரமாகவே இருக்கும், வாடை தெருமுனை வரை வரும். காப்டிக் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை வருகிற வசந்த விழா ஷம் எல்-நெசீம், அன்றைக்கு முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோருமே பூங்காக்களில் பாய் விரித்து, சாயம் பூசிய முட்டை, பச்சை வெங்காயம், கீரையோடு இதைச் சாப்பிடுவார்கள்.

சரியாக உப்புப் போடாத மீனில் பாட்டுலினம் என்ற கொடிய நஞ்சு உருவாகலாம். 1991-இல் இதனால் 18 பேர் இறந்தார்கள். வருடா வருடம் சுகாதார அமைச்சகம் எச்சரிக்கை விட, மக்கள் வருடா வருடம் வரிசையில் நிற்கிறார்கள். என் பேச்சைக் கேட்டால், ஊருக்குப் புதிதாக வந்தவர் இதைத் தொட வேண்டாம். பக்கத்திலேயே 'ரெங்கா' என்று புகைபோட்ட மீன் இருக்கும், அதைத் தீயில் வாட்டி எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள், விழாவும் கெடாது.

ஃபூல் சிலருக்கு ஒத்துக்காதாமே? டாக்டர் ஏதோ சொன்னாரு.

டாக்டர் சொன்னதைக் கேளுங்கள். ஜி6பிடி என்கிற என்சைம் குறைபாடு பிறவியிலேயே உள்ளவர்களுக்கு ஃபாவா பீன்ஸ் சாப்பிட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையலாம். அப்படி உடைந்தால் ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளாகி, மூச்சு வாங்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். இந்தக் குறைபாடு நம் நாட்டிலும் உண்டு. உங்களுக்கோ குழந்தைக்கோ இருப்பது தெரிந்தால் ஃபூல் மட்டுமல்ல, தாமெய்யா, பெஸ்ஸாரா மூன்றுமே கூடாது. அவர்களுக்குக் கொஷரி இருக்கிறது, அதில் ஃபாவா கிடையாது.

வயிறு கெட்டுடுமோன்னு பயமா இருக்கு.

சூடாக வருவதைச் சாப்பிடுங்கள், கழுவியது எந்தத் தண்ணீரிலோ என்று தெரியாத பச்சைக் கீரையை முதல் வாரம் தவிர்த்துவிடுங்கள், பாட்டில் தண்ணீர் குடியுங்கள். எனக்கு வயிறு கெட்டது ஒரே தடவை, அதுவும் தள்ளுவண்டியில் அல்ல, ஏசி போட்ட ஓர் உணவகத்தின் மயோனைஸில்.

ரமலான்ல போனா பகல்ல ஒண்ணும் கிடைக்காதா?

பகலில் சின்னக் கடைகள் நிறைய மூடியிருக்கும், சுற்றுலாப் பகுதிகளில் கிடைக்கும். ஆனால் சாயங்காலத்துக்காகவே அந்த மாதத்தில் போகலாம் என்பேன். நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்லும் பீரங்கிச் சத்தம் கேட்டதும் ஊர் மொத்தமும் ஒரே நொடியில் அடங்கிப்போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடும். தெருவோரம் நீள மேஜை போட்டு, போகிற வருகிற யாருக்கும் இலவசமாக நோன்பு திறக்கச் சாப்பாடு போடுவார்கள், 'மாயிதத் ரஹ்மான்' என்று பேர். நீங்கள் எந்த மதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள், கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். கொட்டை அடைத்துப் பொரித்துப் பாகில் போட்ட 'அதாயெஃப்' அந்த மாதத்துப் பண்டம். விடிவதற்கு முன் சாப்பிடுகிற சஹருக்கு மறுபடியும் நம் ஃபூல்தான், காரணம் மேலேயே சொல்லிவிட்டேன்: மூன்று மணி வரை பசிக்காது.

இனிப்பு, ஜூஸ் எல்லாம் எது நல்லா இருக்கும்?

இனிப்பில் என் ஓட்டு 'உம் அலி'க்கு: பஃப்ஸ் மாதிரியான அடுக்கு மாவை நொறுக்கி, பால், கிரீம், முந்திரி, திராட்சை சேர்த்து அடுப்பில் மேல்பகுதி சிவக்கச் சுட்டது. 1257-இல் ஷஜர் அல்-துர் என்ற ராணி கொல்லப்பட்டதைக் கொண்டாட, அவளுடைய சக்களத்தியான 'அலியின் அம்மா' ஊருக்கே பங்கு போட்ட இனிப்பு என்று ஒரு கதை உண்டு. கொலை நடந்தது வரலாறு, இனிப்பு யார் சேர்த்ததோ. கிராமத்துப் பக்கம் போனால் நெய் வழிகிற அடுக்கு ரொட்டி 'ஃபெத்தீர் மெஷல்தெத்'தைக் கரும்புப் பாகில் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கரும்புச் சாறு எல்லா முக்கிலும் உண்டு. 'கர்கதே' புளிச்சகீரை இனச் செடியில் பூவின் அடியில் இருக்கும் சிவந்த புல்லிதழில் போடுவது, தெற்கு எகிப்தின் அஸ்வான் சரக்குக்குத்தான் மவுசு. 'தமர் ஹிந்தி' என்று ஒன்று கொடுப்பார்கள், இந்தியப் பேரீச்சை என்று அர்த்தம். குடித்துப் பார்த்தால் நம் புளித் தண்ணீரில் சர்க்கரை! இடுப்பில் பெரிய குடத்தைக் கட்டிக்கொண்டு, பித்தளைத் தட்டுகளைக் கிணிகிணி என்று அடித்தபடி வருபவர் விற்பது அதிமதுரப் பானம் 'எர்க் சூஸ்'. இரத்தக் கொதிப்பு இருப்பவர்களுக்கு அது ஆகாது. குளிர்காலத்தில் நைல் கரையில் 'ஹும்முஸ் எல்-ஷாம்' கேளுங்கள், காரமான தக்காளி ரசத்தில் கொண்டைக்கடலை, டம்ளரில் ஸ்பூன் போட்டுத் தருவார்கள்.

வீட்லயே கொஷரி செய்யலாமா? இங்க கிடைக்கிற சாமான் போதுமா?

எல்லாமே மளிகைக் கடையில் இருக்கிறது. நான்கு பேருக்கு ஒரு கப் அரிசி, அரை கப் முழு மைசூர் பருப்பு, ஒரு கப் மக்ரோனி, அரை கப் வேகவைத்த கொண்டைக்கடலை, பெரிய வெங்காயம் நான்கு. வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து நிறைய எண்ணெயில் கருஞ்சிவப்பு வரும்வரை பொறுமையாகப் பொரித்தெடுங்கள். அந்த எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள், ருசி முழுக்க அதில்தான். பருப்பைப் பாதி வேகவைத்து, அந்த எண்ணெய் இரண்டு கரண்டி, அரிசி, உப்பு, தண்ணீர் சேர்த்து உதிரியாக வடித்துக்கொள்ளுங்கள். குக்கரில் குழைத்தால் அது கிச்சடிதான், கொஷரி அல்ல.

அதே எண்ணெயில் பூண்டு வதக்கி, அரைத்த தக்காளி, சீரகம், மிளகாய்த்தூள், ஒரு ஸ்பூன் வினிகர் சேர்த்துச் சுண்ட விட்டால் சாறு தயார். தஆ செய்வது எப்படி என்று மேலே பாட்டில் கேள்வியிலேயே இருக்கிறது, எல்லாவற்றையும் தண்ணீரில் கலக்க வேண்டியதுதான்.

ஃபூல் வண்டிக்காரர் காசு வேண்டாம்னுட்டார். கொடுக்காம வந்துடலாமா?

வந்துவிடாதீர்கள்! "கல்லீஹா அலெய்னா", அதாவது "இருக்கட்டும், எங்க கணக்கு" என்பது அவர்கள் மரியாதைக்குச் சொல்வது. டாக்சிக்காரர், டீக்கடைக்காரர் எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் மறுபடியும் நீட்ட வேண்டும், அவர் மறுபடியும் வேண்டாம் என்பார், மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வார். இது தெரியாமல் முதல் வாரத்தில் நான் நெஞ்சில் கை வைத்து "ஷுக்ரன்" சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். பத்தடி தாண்டுவதற்குள் பின்னால் வண்டியைச் சுற்றி நின்றவர்கள் மொத்தமும் சிரிக்கிற சத்தம், கூடவே காசுக்காக ஓடிவருகிற பையன்.